எதுவரை பூஜ்யம்?

பதினோராம் வகுப்பின் இயற்பியல் செய்முறைக் குறிப்பேடுகளை ஒரு மாலை வேளையில் திருத்திக்கொண்டிருந்தேன். திருகு அளவியால் கம்பியின் விட்டத்தைக் காணும் சோதனை. அதில் முதல் வேலை எப்போதும் ஒன்றுதான். கருவியின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, தலைக்கோல் என்ற சுழலும் அளவுகோலின் பூஜ்யம் புரிக்கோல் என்ற நிலையான அளவுகோலின் கோட்டோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தினால் ‘சுழிப்பிழை இல்லை’ என்று எழுத வேண்டும். நாற்பது குறிப்பேடுகளில் முப்பத்தொன்பதில் அப்படித்தான் இருந்தது. ஒரு மாணவி மட்டும் ‘சுழிப்பிழை 0.01 மி.மீ.க்குக் குறைவு’ என்று எழுதியிருந்தாள். அதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘இல்லை’ என்று எழுதி, அரை மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

மறுநாள் குறிப்பேட்டோடு வந்து நின்றாள். “சார், இதில் என்ன தவறு?” கோடு பொருந்தியதா என்று கேட்டேன். பொருந்தியது என்றாள். “பிறகென்ன, பிழை இல்லை என்றுதானே எழுத வேண்டும்?” சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: “இந்தக் கருவியின் மீச்சிற்றளவு 0.01 தானே சார். அதைவிடச் சின்னதாகப் பிழை இருந்தால் இதற்குத் தெரியாதே. தெரியவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றா சார்?” செய்முறைத் தேர்வுக்கு வருகிறவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதை எழுதம்மா என்று சொல்லி அனுப்பினேன். “சரி சார்” என்று போய்விட்டாள்.

அது நடந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவள் படிப்பை முடித்துப் போய்விட்டாள். அவள் கேட்டது மட்டும் ஆய்வகத்திலேயே தங்கிவிட்டது. ஆண்டுதோறும் புதிய பிள்ளைகளுக்குத் திருகு அளவியைக் காட்டும்போது, முனைகள் சேர்ந்து பாதுகாப்புத் திருகு ‘டிக்’ என்று ஒலிக்கும் நொடியில் அந்தக் கேள்வி திரும்ப வருகிறது. இந்த உலகத்தில் எந்த மூலையிலாவது உண்மையான பூஜ்யம் இருக்கிறதா? அப்படியே முடிவிலியும்? இரண்டும் வேறுவேறு கேள்விகள் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

முதலில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறேன். எண்ணிப் பார்த்துச் சொல்லும் பூஜ்யம் இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வருகைப் பதிவேட்டில் ‘இன்று வராதவர்: 0’ என்று எழுதினால் அது முழுமையான பூஜ்யம். ஒரு பிள்ளையின் ஆயிரத்தில் ஒரு பங்கு வராமல் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பூஜ்யம் வகுப்பறையில் எங்கே இருக்கிறது? நாற்பது பேர் வர வேண்டும் என்று பெயர்ப்பட்டியலோடு ஒருவர் காத்திருப்பதால்தான் அது பிறக்கிறது. பட்டியல் இல்லாவிட்டால் அங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். என்னைத் தூங்கவிடாதது அந்தப் பூஜ்யம் இல்லை. அளந்து பார்த்துச் சொல்லும் பூஜ்யம். நீளம், வெப்பநிலை, மின்தடை, நிறை என்று தொடர்ச்சியாகக் குறைந்துகொண்டே போகக்கூடிய ஒன்று, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் ஆகிவிடும் இடம்.

இம்மியளவும்

தமிழின் பழைய எண் எழுத்தில் பூஜ்யத்துக்குக் குறி கிடையாது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனி எழுத்துகள் இருந்ததால் வெற்றிடத்தைக் காட்ட வேண்டிய தேவையே எழவில்லை. ஆனால் கீழ்நோக்கிப் போவதில் அந்தக் கணக்கர்களுக்கு இருந்த பிடிவாதம் வியப்பூட்டுகிறது. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. அந்த முந்திரியை மறுபடி 320 ஆக்கினால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400இல் ஒரு பங்கு. அதையும் 21 ஆகப் பகுத்தால் இம்மி. 21,50,400இல் ஒரு பங்கு! அந்த அளவை எந்தக் களத்துமேட்டில் எந்த நெல்லில் அளந்தார்கள் என்று மலைப்பாக இருக்கிறது.

‘இம்மியளவும் இல்லை’ என்று இன்றும் சொல்கிறோம். அந்தச் சொற்றொடரை ஒருநாள் நின்று கவனித்தேன். என்னிடம் இருக்கும் மிகச் சிறிய அளவுவரை தேடிவிட்டேன், அதுவரை ஒன்றும் அகப்படவில்லை என்பதுதான் அதன் நேர்ப்பொருள். அதற்கும் கீழே என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. என் மாணவி எழுதிய ‘0.01 மி.மீ.க்குக் குறைவு’ என்பதும் இதே வாக்கியம். நான் சிவப்பு மையால் அடித்தது நம் மொழியே பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் ஒன்றை.

பூஜ்யத்தை ஓர் எண்ணாகவே நடத்தி, கூட்டல் கழித்தல் விதிகளை எழுதியவர் பிரம்மகுப்தர், 628இல். கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் இடறவில்லை. வகுத்தலில்தான் இடறியது. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்று எழுதினார். அதை இன்று யாரும் ஏற்பதில்லை. 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் கிடைப்பதை முடிவற்றது என்று கொண்டார். உலகங்கள் தோன்றும்போதும் ஒடுங்கும்போதும் எப்படி இறைவனிடம் கூடுதலும் குறைவும் நேர்வதில்லையோ அப்படியே இந்த எண்ணும் எதைச் சேர்த்தாலும் எடுத்தாலும் மாறாது என்றார். ஆக, இங்கே முடிவிலி பூஜ்யத்தின் வழியாகத்தான் கணக்குக்குள் வந்தது. வகுக்கும் எண் உண்மையிலேயே பூஜ்யமாக இருந்தால்தான் முடிவிலி. இம்மியளவு மீதி இருந்தாலும் கிடைப்பது மிகப் பெரிய எண், அவ்வளவே.

லைடன் நகரின் நோட்டுப் புத்தகம்

பூஜ்யத்தை இயற்கையில் நேருக்கு நேர் தேடிப் போனவர்கள் குளிரைத் தேடிப் போனவர்கள். நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹைக்கே காமர்லிங் ஓன்னஸ் 1908 ஜூலை 10 அன்று ஹீலியம் வாயுவைத் திரவமாக்கினார். அது கொதிப்பது −269 டிகிரி செல்சியஸில். அதற்குக் கீழே வெப்பநிலையே இல்லாத கடைசிப் படியான −273.15 இன்னும் நான்கே டிகிரி தூரம். வெப்பநிலை இன்னும் குறைந்தால் ஹீலியம் உறைந்து கட்டியாகிவிடும் என்று யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். அது உறையவில்லை. ஓன்னஸ் பல ஆண்டுகள் முயன்று அந்தக் கடைசிப் படிக்கு ஒரு டிகிரிக்கும் குறைவான தூரம்வரை கொண்டுபோய்ப் பார்த்தார். அப்போதும் திரவமாகவே இருந்தது. 1926இல் அவர் இறந்த பிறகு, அவருடன் பணியாற்றிய வில்லெம் கீசோம் அழுத்தத்தைக் கூட்டி அதைத் திடமாக்கிக் காட்டினார். ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தம் தேவைப்பட்டது. எவ்வளவு குளிரவைத்தாலும் ஹீலியம் அணுக்களின் அசைவு நிற்பதில்லை. இருக்குமிடமும் வேகமும் ஒருசேரத் துல்லியமாக இருக்கக் குவாண்டம் இயற்பியல் இடம் தருவதில்லை. நம் வளிமண்டல அழுத்தத்தில் எத்தனை கோடி ஆண்டுகள் குளிரவைத்தாலும் உறையாத அந்தத் திரவத்தை நினைக்கும்போதெல்லாம், பூஜ்யத்தைப் பற்றி இயற்கை தன் கைப்பட எழுதிக்கொடுத்த பதிலாகவே எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கடைசிப் படியை எட்டவும் முடியாது. வெப்பநிலையைக் குறைக்கும் ஒவ்வொரு செயலும் மிச்சமிருக்கும் தூரத்தில் ஒரு பகுதியைத்தான் கடக்கிறது. முடிவுள்ள எண்ணிக்கையிலான படிகளில் தனிப்பூஜ்ய வெப்பநிலையை அடைய இயலாது என்பது வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதி. வால்தர் நெர்ன்ஸ்ட் வகுத்தது. 2021இல் ஜெர்மனியின் பிரெமன் நகரில் அணுக் கூட்டம் ஒன்றை 38 பிக்கோகெல்வின் வரை குளிர்வித்தார்கள். ஒரு டிகிரியை லட்சம் கோடிக் கூறுகளாக்கினால் அதில் 38 கூறுகள். இம்மியெல்லாம் அதன் அருகே மலை. ஆனாலும் பூஜ்யம் இல்லை. அங்கே போக முடிவிலாத படிகள் வேண்டும். பாஸ்கரர் கணக்கில் பூஜ்யம் முடிவிலிக்கு வழிவிட்டது. இங்கே முடிவிலி பூஜ்யத்தின் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

இதே லைடனில்தான் என்னை வெட்கப்பட வைத்த வரியும் இருக்கிறது. 1911 ஏப்ரல் 8 அன்று ஓன்னஸ் குளிர்ந்த பாதரசத்தின் மின்தடையை அளந்தபோது அது திடீரென்று மறைந்துபோயிருந்தது. மீகடத்துத்திறன் கண்டுபிடிக்கப்பட்ட நாள் அது. இயற்பியலின் வரலாற்றில் இதைவிட வலுவான பூஜ்யம் யாருக்கும் கிடைத்ததில்லை. தன் நோட்டுப் புத்தகத்தில் அவர் டச்சு மொழியில் குறித்துவைத்த வரிக்குப் பொருள், ‘பாதரசம் ஏறக்குறைய பூஜ்யம்’. ஏறக்குறைய! கருவியின் முள் அசையவே இல்லை. இருந்தும் அந்தச் சொல்லை அவர் விடவில்லை. பிற்காலத்தில் மீகடத்துக் கம்பிச் சுருளில் மின்னோட்டத்தைச் சுற்றவிட்டுக் காத்திருந்து பார்த்தார்கள். 1963இல் கிடைத்த விடை, அந்த மின்னோட்டம் தேய ஒரு லட்சம் ஆண்டுகளாவது ஆகும் என்பது. மின்தடை உண்மையிலேயே பூஜ்யம் என்று கோட்பாடு சொல்கிறது, நானும் நம்புகிறேன். ஆனால் அளவீடு சொன்னது ‘இதைவிடக் குறைவு’ என்று மட்டும். ஒளித்துகளின் நிறையும் அப்படித்தான். பூஜ்யம் என்று பாடம் நடத்துகிறோம். சோதனைகள் சொல்வது, எலக்ட்ரான் நிறையின் கோடி கோடி கோடியில் ஒரு பங்கைவிடவும் குறைவு என்பதே. நோபல் பரிசு பெற்றவரின் நோட்டிலும் பதினாறு வயதுப் பெண்ணின் குறிப்பேட்டிலும் இருந்தது ஒரே நேர்மை. ஒன்றைப் பாடத்தில் மெச்சினேன், மற்றொன்றுக்கு மதிப்பெண் குறைத்தேன்.

1935, ஜனவரி 11

சந்திரசேகர், எட்டிங்டன் கதையை எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த பத்தொன்பது வயது இளைஞர் 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறுகிறார். எரிபொருள் தீர்ந்துபோன விண்மீன் சுருங்கி வெண்குறு விண்மீனாக நிலைகொள்ளும் என்று அன்று நம்பப்பட்டதைப் பயணத்திலேயே கணக்கிட்டுப் பார்க்கிறார். உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குவதையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு மாறுகிறது. நிறைக்கு ஓர் உச்சவரம்பு வந்துவிடுகிறது. இன்று அது சூரியனைப் போல 1.4 மடங்கு. 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் அரச வானியல் கழகத்தின் கூட்டத்தில் இதை விளக்குகிறார். அடுத்துப் பேச எழுந்த ஆர்தர் எட்டிங்டன், அன்றைய வானியலின் பெரும்பெயர், அதைக் கேலி செய்கிறார். கூட்டம் சிரிக்கிறது. பல்லாண்டு கழித்து, 1983இல், நோபல் பரிசு. பிள்ளைகளுக்குப் பிடித்த கதை. எட்டிங்டன் மேல் கோபமும் சந்திரசேகர் மேல் பெருமிதமுமாக மணியடித்ததும் எழுந்து போவார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அன்று இருவரும் என்னதான் பேசினார்கள் என்று நிதானமாகப் படித்தபோதுதான் நான் இத்தனை நாளும் கதையின் மேலோட்டை மட்டும் சொல்லிவந்தது புரிந்தது. சந்திரசேகரின் சமன்பாட்டில் நிறை அந்த வரம்பை நெருங்க நெருங்க விண்மீனின் ஆரம் சிறுத்துக்கொண்டே வந்து, வரம்பைத் தொடும்போது பூஜ்யமாகிறது. சூரியனைவிட நிறைமிக்க ஒன்று பூஜ்யமான இடத்தில்! நிறையைப் பூஜ்யத்தால் வகுத்தால் அடர்த்தி முடிவிலி. எட்டிங்டனுக்கு இது உடனே புரிந்தது. அந்த அரங்கில் வேறு யாரையும்விட அவருக்குத்தான் புரிந்தது என்றே சொல்வேன். விண்மீன் ஒளியை உமிழ்ந்துகொண்டும் சுருங்கிக்கொண்டுமே போய், சில கிலோமீட்டர் ஆரத்துக்கு வந்ததும் ஈர்ப்பு ஒளியையே வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும், அப்போதுதான் அதற்கு அமைதி கிடைக்கும் என்று அவர் விவரித்தார். இன்று நாம் கருந்துளை என்று சொல்வதை அன்றே வரைந்து காட்டிவிட்டார். காட்டிவிட்டு, ஒரு விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்றார். அந்த விதியைக் காப்பாற்றச் சந்திரசேகரின் இயற்பியலையே செல்லாது என்று தள்ளினார்.

எட்டிங்டன் தவறு செய்தார். இளைஞர் ஒருவரை அவையில் வைத்து அப்படி நடத்தியது அதைவிடப் பெரிய தவறு. ஆனால் அவருக்குள் எழுந்த கலக்கம் எனக்குப் புரிகிறது. கணக்கில் பூஜ்யமும் முடிவிலியும் எட்டிப் பார்த்தால் இயற்கையில் அது இராது என்ற உள்ளுணர்வு மோசமான உள்ளுணர்வு இல்லை. பழைய விதிப்படி சூடான பொருள் ஒன்று வெளியிடும் ஆற்றல் முடிவிலியாக வந்து நின்றபோது அது இயற்கையில் நடக்கவில்லை. 1900இல் மாக்ஸ் பிளாங்க் அந்தப் பழைய விதியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. விண்மீனிலும் ஆரம் பூஜ்யமாவதற்கு முன்பே எலக்ட்ரான்கள் அணுக்கருவுக்குள் நெருக்கித் தள்ளப்பட்டு, கதை வேறு திசையில் திரும்பிவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆரத்தில் நியூட்ரான் விண்மீன் நிற்கிறது. அதுவும் தாங்காத நிறை என்றால் கருந்துளை. அதன் உள்ளே என்ன என்பதைப் பற்றி 1965இல் ரோஜர் பென்ரோஸ் நிறுவியது, பொதுச் சார்பியலின்படி அங்கே ஒளி செல்லும் பாதைகள் அறுந்துபோகும், மேற்கொண்டு தொடர முடியாது என்பது. அந்த அறுபட்ட இடத்தில் உண்மையிலேயே அடர்த்தி முடிவிலியாகிறது என்று நம்பும் இயற்பியலாளர்கள் மிகக் குறைவு. நம் கோட்பாட்டின் கருவி அதற்குமேல் அளக்கவில்லை என்றுதான் பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

என்னை நிறுத்தியது சந்திரசேகர் எழுதிய ஒரு வரி. அந்தக் கூட்டத்துக்குச் சில மாதங்கள் முன்பு, 1934இல் எழுதியது. அதிக நிறையுள்ள விண்மீன் வெண்குறு நிலைக்குப் போக முடியாது, மற்ற சாத்தியங்களைப் பற்றி ஊகிக்க வேண்டியதுதான் என்பது அதன் சாரம். அவ்வளவுதான் சொன்னார். விண்மீன் பூஜ்யமாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. அது என்ன ஆகாது என்பதைச் சொல்லி, தன் கணக்கு எட்டும் எல்லையில் பேனாவை வைத்துவிட்டார். எட்டிங்டனோ சமன்பாட்டின் பூஜ்யத்தை இயற்கையின் பூஜ்யமாகவே எடுத்துக்கொண்டு, அது கூடாது என்பதற்காக வரம்பையும் சேர்த்து எறிந்தார். பூஜ்யத்தை அப்படியே நம்புகிறவரும் அதைக் கண்டு அஞ்சி ஓடுகிறவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். ‘இதைவிடக் குறைவு, இதற்குமேல் எனக்குத் தெரியாது’ என்று நிற்பதற்குத்தான் துணிவு வேண்டும். அதை இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் ஒருவர் செய்திருக்கிறார். என் ஆய்வகத்தில் பதினாறு வயதில் ஒருத்தி செய்தாள்.

பெரிய முக்கோணம்

இதன் பிறகுதான் பிரபஞ்சம் முடிவற்றதா என்ற கேள்வியை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். தொலைவில் ஒரு சுவர் இருக்கிறதா என்று யாரும் போய்ப் பார்க்கப் போவதில்லை. ஒளி வந்து சேரக்கூடிய எல்லை எந்தத் திசையிலும் ஏறத்தாழ 4,600 கோடி ஒளியாண்டுகள். அதற்கு அப்பாலிருந்து நமக்கு எந்தச் செய்தியும் வந்ததில்லை. எனவே வெளியின் வளைவை அளக்கிறார்கள். மிகப் பெரிய முக்கோணம் ஒன்றை வரைந்தால் அதன் கோணங்களின் கூட்டுத்தொகை 180ஐவிட மிகுகிறதா, குறைகிறதா, சரியாக 180தானா என்று பார்ப்பது போல. மிகுந்தால் வெளி பூமியின் மேற்பரப்பைப் போலத் தன்னைத்தானே மூடிக்கொள்ளும், பிரபஞ்சம் முடிவுள்ளது. குறைந்தாலோ, சரியாக 180 ஆகி வளைவு பூஜ்யம் என்றாலோ, முடிவற்று விரிந்து கிடக்கலாம். தட்டையாக இருந்தும் மடங்கி முடிவு பெறும் வடிவங்கள் கணிதத்தில் உண்டு. அவற்றை இங்கே ஒதுக்கிவைக்கிறேன்.

பிரபஞ்சத்தின் மிகப் பழைய ஒளியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் 2018ஆம் ஆண்டு முடிவுகளை விண்மீன் மண்டலங்களின் பரவலைப் பற்றிய அளவீடுகளோடு சேர்த்தபோது வளைவுக்குக் கிடைத்த எண் 0.0007. பிழை எல்லை, கூட்டியோ கழித்தோ, 0.0019. பூஜ்யம் அதற்குள் அடங்குகிறது. பூஜ்யமாக இல்லாத எண்ணற்ற சிறு எண்களும் அதே வரம்புக்குள் அடங்குகின்றன. நாளை பத்து மடங்கு துல்லியமாக அளந்தால் பிழை எல்லை சுருங்கும். எத்தனை மடங்கு துல்லியம் கூடினாலும் அது பூஜ்யமாகச் சுருங்காது. அதாவது, பிரபஞ்சம் முடிவுள்ளதாக இருந்தால் என்றாவது ஒருநாள் வளைவு பிடிபட்டு நமக்குத் தெரியவரலாம். வளைவில்லாமல் முடிவற்றதாக இருந்தாலோ, அளந்து அதை உறுதிசெய்ய ஒருபோதும் முடியாது. முடிவிலி இருக்கிறதா என்ற கேள்வியின் தாழ்ப்பாள் மறுபடியும் ஒரு பூஜ்யத்தின் கையில். அந்தப் பூஜ்யத்தை எந்தத் திருகு அளவியும் காட்டித் தராது.

ஆகவே பௌதிக உலகில் முடிவிலி இருக்கிறது என்று நான் நம்பவில்லை. அளந்தறியும் பூஜ்யம் இருக்கிறது என்றும் நம்பவில்லை. கோட்பாடு தரும் சில பூஜ்யங்களை, மீகடத்தியின் மின்தடையையும் ஒளித்துகளின் நிறையையும், கோட்பாட்டின் மேல் உள்ள நம்பிக்கையால் ஏற்கிறேன். அது வேறு வகை நம்பிக்கை என்பதையும் இப்போது பிள்ளைகளிடம் சொல்கிறேன். π (பை) என்ற எண்ணின் மதிப்புக்குத் தசம இலக்கங்கள் முடிவின்றி நீள்கின்றன. கோள்களுக்கு இடையே விண்கலங்களைச் செலுத்தும் நாசாவின் ஆய்வகத்துக்கு அதில் பதினைந்து இலக்கங்கள் போதும். மீதி எல்லா இலக்கங்களும் மிக அழகானவை, உண்மையானவை. ஆனால் அவை கணக்கின் உலகத்தில் இருக்கின்றன.

கடந்த மாதம் திருகு அளவிச் சோதனை மறுபடி வந்தது. முதல் வரியில் ‘சுழிப்பிழை இல்லை’ என்று எழுதிக் கொண்டுவந்த மாணவனிடம், “எதுவரை இல்லை?” என்று கேட்டேன். புரியாமல் என்னைப் பார்த்தான். கருவியைக் கையில் கொடுத்து, முனைகளைச் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். கோடுகள் பொருந்தியிருந்தன. ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்துவிட்டு, “சார், நடுவில் முடி கனத்தில் வெளிச்சம் தெரிகிறது” என்றான். குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு தன் மேசைக்குப் போய், அந்த வரியை அவனே அடித்தான்.